வீட்டுப் பட்டறையில் சால்டரிங், பிரேசிங், வெல்டிங்: முழுமையான வழிகாட்டி

வீட்டில் சிறிய பட்டறை வைக்க நினைக்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது வெல்டிங் மெஷின். தீப்பொறி பறந்தால்தான் உலோக வேலை என்ற எண்ணம் நமக்குள் ஊறிக் கிடக்கிறது. ஆனால் வீட்டில் வரும் இணைப்பு வேலைகளில் பலவற்றுக்கு அந்த மெஷினே தேவைப்படாது. அறுந்த வயரையும் ஒழுகும் செம்புக் குழாயையும் விரிசல் விட்ட பித்தளைக் கைப்பிடியையும் அதனிடம் கொண்டுபோனால் பொருள்தான் பாழாகும். எவ்வளவு குறைந்த சூட்டில் காரியம் ஆகுமோ அவ்வளவு குறைந்த சூட்டில் முடிப்பதே என் கட்சி. சூடு ஏற ஏறப் பொருள் கோணும், பூச்சு எரியும், புகை நஞ்சாகும், கைத்தவறைத் திருத்திக்கொள்ளக் கிடைக்கும் நேரமும் குறைந்துகொண்டே போகும்.

மூன்று முறைகளையும் பிரிப்பது சூடுதான். சால்டரிங்கிலும் பிரேசிங்கிலும் இணைக்கப்படும் இரண்டு துண்டுகளும் உருகுவதில்லை. அவற்றைவிடக் குறைந்த சூட்டில் உருகும் மூன்றாவது உலோகம் ஒன்று நடுவில் புகுந்து பிடித்துக்கொள்கிறது. அந்த நிரப்பு உலோகம் 450 டிகிரி செல்சியசுக்குக் கீழே உருகினால் அது சால்டரிங், அதற்கு மேலே என்றால் பிரேசிங். வெல்டிங்கில் துண்டுகளின் விளிம்புகளே உருகி ஒன்றாகக் கலந்து உறைகின்றன. எஃகு உருக ஏறத்தாழ 1,500 டிகிரி வேண்டும் என்பதை நினைத்துப் பார்த்தால், அங்கே ஆட்டம் எவ்வளவு மாறுகிறது என்பது புரியும்.

எந்த வேலைக்கு எது

மின்சுற்று, வயர், மெல்லிய தகரம், தண்ணீர் போகும் செம்புக் குழாய் ஆகியவற்றுக்குச் சால்டரிங். குளிர்பதனக் குழாய், பித்தளையோடு இரும்பைச் சேர்ப்பது, சிறு கருவிகள், மெல்லிய எஃகுக் குழாய்ச் சட்டம் ஆகியவற்றுக்குப் பிரேசிங். மேசைக்கால், கிராதி, தாங்கு சட்டம் போன்று பாரம் சுமக்கிற எஃகு வேலைக்கு வெல்டிங். உடைந்த வார்ப்பிரும்பை வெல்டிங் செய்தால் ஆறும்போது பக்கத்திலேயே புதிதாக விரிசல் விடும். அதற்குப் பித்தளைக் கம்பி கொண்டு பிரேசிங் செய்வதே வீட்டில் நடக்கிற காரியம்.

அலுமினியத்தை முதல் ஆண்டில் தொடாதீர்கள். அது 660 டிகிரியில் உருகுகிறது, அதன் மேலிருக்கும் ஆக்சைடு படலமோ 2,000 டிகிரியைத் தாண்டியும் உருகாது. போதாக்குறைக்கு, சூடேறும்போது எஃகைப் போலச் சிவந்து எச்சரிக்கை தராது. பளபளவென்று இருந்த துண்டு திடீரென்று மேசைமேல் சரிந்துவிடும்.

இடமும் பாதுகாப்பும்

சிமெண்டுத் தரை, இரும்பு மேசை, இரு பக்கமும் காற்றோட்டம் இருக்க வேண்டும். சுற்றிலும் சில மீட்டர் தூரத்துக்கு மரத்தூள், துணி, தின்னர், பெயிண்ட் எதுவும் இருக்கக் கூடாது. தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். உடுப்பு பருத்தி அல்லது தோல். செயற்கை இழைத் துணியில் பொறி பட்டால் அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். சட்டைப்பை மூடியிருக்க வேண்டும், பேண்ட்டின் கீழ் மடிப்பை இறக்கிவிட வேண்டும். பொறி போய் உட்காருகிற இடங்கள் அவைதான்.

இவை எல்லோரும் சொல்வது. அதிகம் பேர் சொல்லாத ஆபத்துகள் நான்கு உண்டு.

முதலாவது, துத்தநாகம் பூசிய இரும்பு. ஜி.ஐ. குழாயைச் சூடாக்கினால் வெள்ளைப் புகை கிளம்பும். சுவாசித்த சில மணி நேரம் கழித்துக் குளிர்காய்ச்சல், உடல்வலி, வாயில் உலோகச் சுவை எல்லாம் வரும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்பது பட்டறைகளில் உலவும் கதை, அதை நம்ப வேண்டாம். வெல்டிங் செய்யும் இடத்தைச் சுற்றி இரண்டு விரற்கடை அளவுக்குப் பூச்சை அரைத்து எடுத்துவிட்டு, திறந்த வெளியில் செய்யுங்கள்.

இரண்டாவது, காட்மியம். பழைய வெள்ளிப் பிரேசிங் கம்பிகளில் இது கலந்திருக்கும். பழைய போல்ட்டுகளின் பூச்சிலும் இருக்கலாம். அதன் புகை நுரையீரலைத் தாக்கி உயிரையே எடுக்கக்கூடியது. எங்கிருந்தோ வந்த, பெயர் தெரியாத கம்பியைப் பயன்படுத்தாதீர்கள். ‘காட்மியம் இல்லாதது’ என்று குறித்திருப்பதையே வாங்குங்கள்.

மூன்றாவது, குளோரின் கலந்த கரைப்பான்கள். சில பிரேக் கிளீனர் திரவங்கள் இந்த வகை. அவற்றால் துடைத்த இடத்தில் ஆர்க் (வெல்டிங்கின் மின்பொறி) அடித்தால் அதன் வெப்பத்திலும் புற ஊதாக் கதிரிலும் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகலாம். எண்ணெய்ப் பிசுக்கை நீக்க அசிட்டோன் போதும். அதுவும் முழுக்க ஆவியாகி, பாட்டில் அறைக்கு வெளியே போன பிறகே தீ மூட்ட வேண்டும்.

நான்காவது, மூடிய கலங்கள். பெட்ரோல் டேங்க், எண்ணெய் டிரம், ‘காலி’ என்று சொல்லப்படும் எதுவும். உள்ளே சொட்டுத் திரவம் இல்லாவிட்டாலும் ஆவி இருக்கும், அது வெடிக்கும். கழுவிவிட்டேன் என்று சொல்லிக்கொண்டும் செய்ய வேண்டாம்.

தீ மூட்டுவதற்கு முன்பே பாதி வேலை

இணைப்பு சரியாக வரவில்லை என்றால் பத்தில் எட்டு முறை காரணம் அழுக்கு என்பது என் மதிப்பீடு. துரு, ஆக்சைடு, எண்ணெய், விரல் பட்ட பிசுக்கு இவற்றில் எது இருந்தாலும் உருகிய உலோகம் பரவாமல் உருண்டைகட்டி நிற்கும். முதலில் எண்ணெயைத் துடையுங்கள், பிறகு உப்புத்தாள், அரம் அல்லது கம்பித் தூரிகையால் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள். இந்த வரிசையை மாற்றினால் எண்ணெயை உலோகத்துக்குள் தேய்த்து ஏற்றியதாகிவிடும். தேய்த்த பின் விரல் படக் கூடாது.

ஃப்ளக்ஸ் என்பது அழுக்கை நீக்கும் பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். அது மெல்லிய ஆக்சைடைக் கரைக்கும், சூடேறும்போது புதிய ஆக்சைடு படியாமல் காக்கும், அவ்வளவுதான். துருவையும் கிரீசையும் அதன் தலையில் கட்டக் கூடாது. மின்சுற்று வேலைக்கு ரோசின் (மரப்பிசின்) ஃப்ளக்ஸ் மட்டுமே. குழாய்க்கும் தகரத்துக்கும் உள்ள அமில ஃப்ளக்ஸை மின்சுற்றில் இட்டால் சில மாதங்களில் செம்பை அரித்துவிடும். பிரேசிங்குக்கு ஃப்ளூரைடு கலந்த பேஸ்ட் அல்லது, அதிகச் சூட்டுக்கு, வெங்காரம்.

சால்டரிங்

கம்பியில் இரண்டு இனம். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்தது சரியாக 183 டிகிரியில் உருகி, அதே சூட்டில் உறையும். நடுவே கூழ் நிலை இல்லாததால் பழகுவதற்கு இதைவிட எளியது கிடையாது. காரீயம் இல்லாத வகைகள் 217 முதல் 227 டிகிரி வரை கேட்கும். குடிநீர்க் குழாயிலும் உணவு படும் பாத்திரத்திலும் காரீயம் கலந்தது கூடவே கூடாது. பலரும் புகையில் காரீயம் வருகிறதென்று பயப்படுகிறார்கள். சால்டரிங் சூட்டில் காரீயம் குறிப்பிடத்தக்க அளவு ஆவியாவதில்லை, அந்தப் புகை ரோசினுடையது. அதுவும் மூச்சுக்குழலை உறுத்தி ஆஸ்துமாவைக் கிளப்பக்கூடியது என்பதால் சின்ன விசிறி வைத்து முகத்தைவிட்டு விலக்குங்கள். காரீயம் உடம்புக்குள் போவது கை வழியாக. வேலை முடிந்து சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் தின்னாதீர்கள்.

சால்டரிங் அயனை 330 முதல் 360 டிகிரிக்குள் வையுங்கள். முனையை ஈரப் பஞ்சில் துடைத்து, உடனே கொஞ்சம் கம்பியை உருக்கிப் பூசுங்கள். முனை வெள்ளியாக மின்ன வேண்டும். கறுத்த முனை எவ்வளவு சூடாக இருந்தாலும் சூட்டைக் கடத்தாது.

இனி, இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: அயனை வேலைப்பொருளில் வைக்க வேண்டும், கம்பியையும் வேலைப்பொருளில்தான் தொட வேண்டும். அயன் முனையில் கம்பியை உருக்கி, சொட்டைக் கொண்டுபோய்த் தடவுவது புதியவர்களின் பழக்கம். அப்படிச் செய்தால் ஃப்ளக்ஸ் வழியிலேயே எரிந்துபோகும், சொட்டு குளிர்ந்த செம்பின் மேல் வெறுமனே உட்கார்ந்திருக்கும். மின்சுற்றுப் போர்டில் ஓர் உறுப்பின் கம்பிக்காலைப் பற்றவைக்கும்போது முனை காலையும் போர்டின் செம்பு வளையத்தையும் ஒருசேரத் தொட வேண்டும். ஒரு விநாடி பொறுத்து, முனைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து கம்பியைத் தொடுங்கள். சூடேறியிருந்தால் கம்பி தானாக உருகி, வளையம் முழுவதும் ஓடி, காலின்மேல் சற்றே ஏறி, உட்குழிந்த சரிவாக நிற்கும். கம்பியை முதலில் எடுங்கள், அயனைப் பிறகு. மொத்தம் மூன்று விநாடி. உறையும்வரை அசைக்காதீர்கள். காரீயக் கலவையில் மங்கலான, நெளிந்த மேற்பரப்பு தெரிந்தால் அது அசைந்த இணைப்பு. காரீயமில்லாத கம்பி இயல்பாகவே மங்கலாகத்தான் இருக்கும், அதைப் பார்த்துக் கலங்கி மறுபடி மறுபடி சூடாக்க வேண்டாம்.

செம்புக் குழாயிலும் இதே விதிதான், அயனுக்குப் பதில் டார்ச், அதாவது வாயுவில் எரியும் தீக்குழல். குழாயின் வெளிப்புறத்தையும் ஃபிட்டிங்கின் உட்புறத்தையும் தேய்த்து, ஃப்ளக்ஸ் பூசி, செருகிச் சற்றுத் திருப்புங்கள். குழாயில் தண்ணீர் துளியும் இருக்கக் கூடாது. இருந்தால் அது கொதித்துக்கொண்டே இருக்கும், சூடு 100 டிகிரியைத் தாண்டாது. தீயை ஃபிட்டிங்கில் காட்டி, கம்பியை எதிர்ப்பக்கத்தில் தொட்டுப் பாருங்கள். உருகிய உலோகம் சூடு இருக்கும் பக்கம் ஓடும், எனவே தீயை நகர்த்தி அதை உள்ளே இழுக்கலாம். சுற்றிலும் மெல்லிய வெள்ளி வளையம் தெரிந்ததும் நிறுத்துங்கள். அதற்குமேல் ஊட்டுவதெல்லாம் குழாய்க்குள் சொட்டும்.

பிரேசிங்

மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான். சரியாகச் செய்த வெள்ளிப் பிரேசிங் இணைப்பில் பல சமயம் துண்டு முறியுமே தவிர இணைப்பு விடாது. அந்த வலு இடைவெளியைப் பொறுத்தது. இரண்டு துண்டுகளுக்கும் நடுவே 0.05 முதல் 0.12 மில்லிமீட்டர்வரை இருக்க வேண்டும். அவ்வளவு குறுகலான இடத்தில்தான் நுண்புழை ஈர்ப்பால் உருகிய கலவை தானாக உள்ளே ஏறும். செருகினால் கையால் தள்ளிப் போக வேண்டும், ஆனால் ஆடக் கூடாது. எஃகுக் குழாய்க்குள் பித்தளைத் தண்டு என்றால் கொஞ்சம் கூடுதல் இடைவெளி விடுங்கள். பித்தளை எஃகைவிட அதிகம் விரியும் என்பதால் சூட்டில் அது இடைவெளியை அடைத்துக்கொள்ளும்.

எந்தக் கம்பி? எஃகுக்கும் பித்தளைக்கும் 55 அல்லது 56 சதவீத வெள்ளிக் கலவை. 650 டிகிரிவாக்கில் நன்றாக ஓடும். செம்போடு செம்பு மட்டும் என்றால் பாஸ்பரஸ் கலந்த செம்புக் கம்பி போதும், அதற்கு ஃப்ளக்ஸும் வேண்டாம். அதை எஃகில் மட்டும் பயன்படுத்திவிடாதீர்கள். பாஸ்பரஸ் இரும்போடு சேர்ந்து நொறுங்கும் படலமாகி, இணைப்பு தட்டினாலே விட்டுவிடும். இடைவெளி பெரிதாக இருக்கும் பழுதுகளுக்கும் வார்ப்பிரும்புக்கும் பித்தளைக் கம்பி. அது 900 டிகிரிவரை கேட்கும்.

தீ விஷயத்தில் வெப்பநிலை வேறு, வெப்பத்தின் அளவு வேறு. கையடக்க புரொப்பேன் டார்ச்சின் தீ எந்தக் கம்பியையும் உருக்கும் அளவு சூடானதுதான். ஆனால் கனத்த எஃகுத் துண்டு அது கொடுப்பதைவிட வேகமாகச் சூட்டை இழந்துகொண்டிருக்கும். அதனால் துண்டை வெறும் மேசைமேல் வைக்காமல், இலேசான காப்புச் செங்கற்களால் மூன்று பக்கம் சுவர் எழுப்பி உள்ளே வையுங்கள். சாதாரணக் கட்டடச் செங்கல்லும் கான்கிரீட்டும் உள்ளிருக்கும் ஈரத்தால் வெடித்துச் சிதறும்.

ஒரு எஃகுத் தகட்டில் பித்தளைப் புஷ் (உருளை வளையம்) ஒன்றைப் பிரேசிங் செய்வதாக வைத்துக்கொள்வோம்.

1. இரண்டையும் தேய்த்துச் சுத்தம் செய்து, இணையும் பரப்புகளிலும் அதைச் சுற்றியும் ஃப்ளக்ஸ் பேஸ்டைப் பூசிப் பொருத்துங்கள். ஃப்ளக்ஸில் கஞ்சத்தனம் வேண்டாம்.

2. தீயை இணைப்பில் நேராகக் காட்டாமல் கனத்த துண்டிலிருந்து தொடங்குங்கள். இங்கே அது எஃகுத் தகடு. தீயை ஒரே இடத்தில் நிறுத்தாமல் சுற்றிக்கொண்டே இருங்கள். பித்தளை தகட்டிலிருந்து சூட்டை வாங்கிக்கொள்ளும்.

3. ஃப்ளக்ஸைக் கவனியுங்கள், அதுதான் உங்கள் வெப்பமானி. முதலில் நீர் கொதித்துப் பொங்கும், பிறகு வெள்ளைப் பொருக்காகக் காயும், மேலும் சூடேறக் களிம்பாக இளகும். 600 டிகிரியை நெருங்கும்போது கண்ணாடிபோலத் தெளிந்து, உலோகத்தோடு ஒட்டி ஓடும். அடியில் மங்கிய சிவப்பு தெரியத் தொடங்கும். வெயிலில் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, நிழலில் வேலை செய்யுங்கள்.

4. இப்போது தீயைச் சற்று விலக்கி, கம்பியை இணைப்பின் ஓரத்தில் தொடுங்கள். உலோகத்தின் சூட்டிலேயே அது உருக வேண்டும். உருகாவிட்டால் கம்பியை எடுத்துவிட்டு மீண்டும் சூடாக்குங்கள். கம்பியின்மேல் தீயைக் காட்டி உருக்குவது, அயன் முனையில் சொட்டு எடுக்கும் அதே பிழை.

5. கலவை மின்னலாகச் சுற்றி ஓடி மறுபக்கம் எட்டிப்பார்க்கும். உடனே தீயை எடுங்கள். அதிகம் சூடாக்கினால் ஃப்ளக்ஸ் கறுத்துத் தீர்ந்துவிடும், பித்தளையிலிருந்து துத்தநாகம் புகையாகப் போகும்.

6. சிவப்பு முற்றிலும் மறைந்து, கலவை உறைந்த பின் வெந்நீரில் ஊறவைத்துத் தூரிகையால் தேயுங்கள். மிஞ்சிய ஃப்ளக்ஸ் அரிக்கும் தன்மையுள்ளது. வெங்காரம் கண்ணாடியாக இறுகி அடம்பிடிக்கும், அதற்கு வெந்நீரில் சிட்ரிக் அமிலம் கரைத்து ஊறவையுங்கள்.

கறுத்த ஃப்ளக்ஸின்மேல் கூடுதல் ஃப்ளக்ஸ் தடவிச் சரிக்கட்ட முடியாது. ஆறவிட்டு, பிரித்து, தேய்த்து, முதலிலிருந்து தொடங்குவதே குறுக்குவழி.

ஆக்சி-அசிட்டிலீன் வைத்திருப்பவர்களுக்கு நாலு வார்த்தை: அசிட்டிலீன் சிலிண்டர் எப்போதும் நின்ற நிலையில் இருக்க வேண்டும், ஏனெனில் வாயு உள்ளே அசிட்டோனில் கரைந்திருக்கிறது. அழுத்தம் 1 பாரை (15 பி.எஸ்.ஐ.) தாண்டக் கூடாது, தாண்டினால் அது தானாகவே சிதைந்து வெடிக்கலாம். ஆக்சிஜன் பொருத்திகளில் எண்ணெய், கிரீஸ் துளியும் படக் கூடாது. அசிட்டிலீன் பாதையில் செம்புக் குழாய் போடக் கூடாது. தீ பின்னோக்கிப் பாய்வதைத் தடுக்கும் அரெஸ்டர் இல்லாமல் பற்றவைக்கவே வேண்டாம்.

வெல்டிங்

வீட்டுக்கு இன்வெர்ட்டர் வகை ராடு (பூச்சிட்ட வெல்டிங் கம்பி) மெஷின் போதும். கம்பியைத் தானாக ஊட்டும் மிக் மெஷினில் கை சீக்கிரம் படியும், ஆனால் வாயுச் சிலிண்டர் வேண்டும், காற்றடிக்கும் இடத்தில் வாயு கலைந்துவிடும். அதோடு, பார்வைக்கு அழகான கோடு மேலே உட்கார்ந்திருக்க, அடியில் எதுவும் உருகாமல் இருக்கும் ஏமாற்று மிக்கில் அதிகம். டங்ஸ்டன் முனையில் ஆர்க் எழுப்பும் டிக் அருமையான முறை, பொறுமையான கைக்கு. அதைப் பிறகு பார்க்கலாம்.

ராடின் மேலிருக்கும் பூச்சு வெறும் உறை இல்லை. எரியும்போது அது வாயுவாகவும் கசடாகவும் மாறி, உருகிய எஃகைக் காற்றிலிருந்து காக்கிறது. பூச்சில்லாத கம்பியால் வெல்டிங் செய்த காலத்தில் காற்றின் நைட்ரஜனும் ஆக்சிஜனும் புகுந்து இணைப்புகள் நொறுங்கின. ஸ்வீடனின் ஆஸ்கர் ஷெல்பெர்க் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பூச்சு ராடைக் கொண்டுவந்த பிறகே ராடு வெல்டிங் நம்பத்தக்க தொழிலானது. பழகுவதற்கு 6013 ராடு, 2.5 மில்லிமீட்டர். ‘60’ என்பது சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு இழுவலிமையைக் குறிக்கிறது. ராடுகளை ஈரம் படாமல் வையுங்கள்.

முகக்கவசம் 10-ஆம் எண் கண்ணாடியோடு இருக்கட்டும். ஆர்க்கை வெறுங்கண்ணால் பார்த்தால் அப்போது ஒன்றும் தெரியாது, சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நடு இரவில், கண்ணில் மணல் கொட்டியதாக உறுத்தும். பக்கத்தில் நிற்பவர்களுக்கும் இது பொருந்தும். கழுத்தும் முன்கையும் வெயில்பட்டதைவிட மோசமாகக் கருகும், மூடுங்கள்.

முதல் பயிற்சிக்கு 5 அல்லது 6 மில்லிமீட்டர் தகடு எடுங்கள். மெல்லிய தகட்டில் தொடங்கினால் ஓட்டை போடவே கற்றுக்கொள்வீர்கள். எர்த் கிளாம்பை அரைத்துச் சுத்தம் செய்த இடத்தில் மாட்டுங்கள். பெயிண்டின் மேல் மாட்டிவிட்டு மெஷினைக் குறை சொல்கிறவர்கள் ஏராளம். கரண்ட் 80 ஆம்பியர். தீக்குச்சி கிழிப்பது போல ராடை உரசி, பொறி வந்ததும் சற்றே தூக்குங்கள். ஒட்டிக்கொண்டால் மணிக்கட்டைத் திருகி விடுவியுங்கள், வராவிட்டால் ஹோல்டரின் பிடியைத் தளர்த்துங்கள். ராடு முனைக்கும் தகட்டுக்கும் உள்ள தூரம் ராடின் கம்பித் தடிப்பளவுதான். ராடு எரிந்து குறுகிக்கொண்டே போகும் என்பதால் கை கீழே இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். தலைப்பகுதியைப் போகும் திசைப்பக்கம் 10 முதல் 15 டிகிரி சாய்த்து, ராடை இழுத்துச் செல்லுங்கள்.

கண் ஆர்க்கில் லயிக்கக் கூடாது. அதற்குப் பின்னால் பளபளக்கும் உருகிய குட்டையைப் பாருங்கள். குட்டைக்குப் பின் கொஞ்சம் மங்கலாகத் தெரிவது கசடு. அது முன்னேறிக் குட்டைக்குள் வந்தால் உள்ளே சிக்கிக்கொள்ளும், சாய்வைக் கூட்டுங்கள் அல்லது சற்று வேகமாக நகருங்கள். குட்டையின் அகலம் ராடின் தடிப்பைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு இருக்கும்படி நகர்ந்தால் வேகம் சரி. கசடைத் தட்டும்போதும் கண்ணாடி வேண்டும், சூடான சில்லு கண்ணுக்கே பறந்து வரும்.

கோடு ஒடுங்கி, உயர்ந்து, தகட்டின்மேல் ஒட்டவைத்தது போலிருந்தால் கரண்ட் குறைவு. தட்டையாகப் பரந்து, ஓரத்தில் பள்ளம் விழுந்திருந்தால் கரண்ட் அதிகம் அல்லது ஆர்க் நீளம். பொத்தல் பொத்தலாக இருந்தால் அழுக்கு, ஈரம் அல்லது நீண்ட ஆர்க்.

சட்டம் செய்யும்போது பெரிய எதிரி கோணல். வெல்டு ஆறும்போது சுருங்கித் தன் பக்கம் இழுக்கும். அதனால் எல்லா மூலையிலும் முதலில் சிறிய டேக் (தற்காலிகப் புள்ளி வெல்டு) மட்டும் வையுங்கள். இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து, சமமாக வரும்வரை தட்டிச் சரிசெய்யுங்கள். பிறகு எதிரெதிர் மூலைகளாக மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக முடியுங்கள். 1.6 மில்லிமீட்டர் சதுரக் குழாய்க்கு 2 மில்லிமீட்டர் ராடும் 50 ஆம்பியர் அளவும் எடுத்து, சிறு சிறு துண்டாக அடித்து நடுவே ஆறவிடுங்கள். 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட தகடுகளை முட்டவைத்து இணைப்பதானால் விளிம்புகளை வி வடிவில் சரித்து அரைக்காமல் வேர்வரை, அதாவது இணைப்பின் அடிவரை, உருகாது.

சோதனை

பயிற்சித் துண்டுகளை உடைத்துப் பாருங்கள். இரண்டு தகடுகளை ‘ட’ வடிவில் நிறுத்தி, உள்மூலையில் மட்டும் வெல்டிங் செய்து, ஆறியபின் வைசில் பிடித்து, நிற்கும் தகட்டை வெல்டு இருக்கும் பக்கமாகச் சுத்தியால் மடக்குங்கள். தகடு வளைந்து, இணைப்பு அப்படியே நின்றால் நல்லது. பிளந்தால் பிளவைப் பாருங்கள்: வேரில் தகட்டின் வெட்டிய விளிம்பு பழையபடி கூர்மையாக இருந்தால் அங்கே உருகவே இல்லை. கறுப்புக் கோடு இருந்தால் கசடு சிக்கியிருக்கிறது. பிரேசிங் இணைப்பை நெடுக அறுத்துப் பார்த்தால் கலவை எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது என்பது தெரியும்.

வேலை முடிந்த பின் குறைந்தது அரை மணி நேரம் இடத்தைவிட்டுப் போகாதீர்கள். பொறி ஒன்று மூலையில் கனன்று, வெகுநேரம் கழித்துத் தீப்பிடிப்பது வழக்கம். வாகனத்தின் ஸ்டீயரிங், பிரேக் பாகங்கள், எடை தூக்கும் கொக்கிகள், அழுத்தக் கலங்கள், சமையல் வாயு இணைப்புகள் ஆகியவற்றைக் கை எவ்வளவு தேறினாலும் வீட்டில் எடுக்காமல், சான்று பெற்ற வெல்டரிடம் கொடுத்துவிடுங்கள்.